பேரு ஒண்ணு... பஞ்சாயத்து நூறு!

2025 ஜூலை 13. ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க ஹாஸ்டல் டி.வி. ரூம்ல நிக்கக்கூட இடமில்லை. விம்பிள்டன் ஃபைனல்! அல்கராஸ் கோஷ்டி ஒரு பக்கம், சின்னர் கோஷ்டி ஒரு பக்கம். நாலாவது செட்ல மேட்ச்சை முடிச்சு, விம்பிள்டன் சிங்கிள்ஸ் ஜெயிச்ச முதல் இத்தாலிக்காரர் ஆனார் யானிக் சின்னர். ரூமே அதிருது. அப்போ பார்த்து, பக்கத்துல இருந்த மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மச்சான் ஒருத்தன் கொளுத்திப் போட்டான்.

''ஏண்டா, இவன் இத்தாலிக்காரன்னா பேரு ஏன் ஜெர்மன்காரன் மாதிரி இருக்கு? மார்க்கோ, லோரென்ஸோனு ஏதாவது 'ஓ'ல முடியணுமே?''

நியாயமான டவுட்! ரூமுக்கு வந்து சின்னர் பொறந்த ஊரைத் தேடினா, ஒரு மேப்ல 'இன்னிகென்'னு இருக்கு. இன்னொண்ணுல 'ஸான் காண்டிடோ'னு இருக்கு. சரி, இவர் ரெண்டு தடவை பொறந்தாரோன்னு நினைச்சுட்டேன். இல்ல பாஸ்... ரெண்டும் ஒரே ஊர்தான். வளர்ந்த ஊரும் அதே கதை. ஜெர்மன்ல ஸெக்ஸ்டன், இத்தாலியன்ல ஸெஸ்டோ. அவரோட தாய்மொழியும் ஜெர்மன்தான்.

மாகாணத்தோட பேராவது ஒண்ணா இருக்கும்னு பார்த்தா, அங்கேதான் மெயின் பஞ்சாயத்தே. ஜெர்மன் பேசுறவங்க 'ஸூட்டிரோல்'ங்கறாங்க. தெற்கு டிரோல்னு அர்த்தம். இத்தாலியன் பேசுறவங்க 'ஆல்ட்டோ ஆடிஜே'ங்கறாங்க. ஆடிஜே ஆத்தோட மேல்பகுதின்னு அர்த்தம். ஒரு பேர்ல மலை நாடு, இன்னொரு பேர்ல ஆறு. எந்தப் பேரைச் சொல்றீங்களோ, அந்த செகண்டே நீங்க எந்தப் பக்கம்னு எதிர்ல இருக்கறவர் முடிவு பண்ணிடுவார்.

ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல, ஆஸ்திரியா பார்டரை ஒட்டி இருக்கற இத்தாலியோட தன்னாட்சி மாகாணம் இது. சுமார் 7,400 சதுர கிலோமீட்டர், 116 உள்ளாட்சிகள், அஞ்சு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல ஜனங்க. 2011 கணக்கெடுப்புப்படி 69 சதவிகிதம் பேர் ஜெர்மன் குழு, 26 சதவிகிதம் பேர் இத்தாலியன் குழு, நாலரை சதவிகிதம் பேர் 'லாடின்'ங்கற பழைய மொழிக் குழு. தலைநகருக்கும் ரெண்டு பேர்... போட்ஸன், போல்ஸானோ. மாகாணம் முழுக்க ஜெர்மன்காரங்க மெஜாரிட்டின்னா, தலைநகர்ல இத்தாலியன் பேசுறவங்கதான் மெஜாரிட்டி. அது ஏன்னு பின்னாடி வருது.

டிரோல்ங்கற பேர் எங்கேயிருந்து வந்துச்சு? மெரான் நகரத்துக்குப் பக்கத்துல ஒரு மலை மேல 'டிரோல் கோட்டை'ன்னு ஒண்ணு இருக்கு. அங்கே இருந்து ஆட்சி பண்ணின பிரபுக்கள் வம்சத்தால, நாட்டுக்கே அந்தப் பேர் வந்துடுச்சு. 1363-ல மார்கரெட்டேங்கற இளவரசி அந்த நாட்டை ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்க, அப்புறம் ஐந்நூறு வருஷத்துக்கு மேல அது ஆஸ்திரியாவோட இருந்துச்சு. காமெடி என்னன்னா, ஆஸ்திரியாவுல இன்னிக்கும் டிரோல்னு ஒரு மாநிலம் இருக்கு. ஆனா பேர் கொடுத்த கோட்டை இருக்கறது இத்தாலியில!

'ஆல்ட்டோ ஆடிஜே' வந்த ரூட்டே வேற. அதை வெச்சது இத்தாலிக்காரங்களே இல்ல... நெப்போலியன் கோஷ்டி! மாவட்டங்களுக்கு ராஜா பேரு, பிரபு பேரெல்லாம் வேணாம், ஆத்துப் பேரையும் மலைப் பேரையும் வைப்போம்னு பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க ஒரு ஃபார்முலா வெச்சிருந்தாங்க. 1809-ல ஆண்ட்ரியாஸ் ஹோஃபர்ங்கற சத்திரக்காரர் தலைமையில டிரோல் விவசாயிங்க நெப்போலியன் கூட்டணியை எதிர்த்துக் கிளம்பினாங்க. 1810 பிப்ரவரியில ஹோஃபரைச் சுட்டுக் கொன்னாங்க. அதே வருஷம் டிரோலைத் துண்டு போட்டு, தெற்குத் துண்டை நெப்போலியனோட இத்தாலி ராஜ்ஜியத்துல சேர்த்து, 'ஆல்ட்டோ ஆடிஜே மாவட்டம்'னு பேர் வெச்சாங்க. நாலு வருஷத்துல நெப்போலியனும் போனார், மாவட்டமும் போச்சு.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ட்விஸ்ட். அந்த மாவட்டத்துக்குத் தலைநகர் போல்ஸானோ இல்ல, இன்னும் தெற்கே இருக்கற ட்ரென்ட்டோ. அதேபோல 19-ம் நூற்றாண்டுல ஒருத்தர் 'ஸூட்டிரோல்'னு சொன்னா, இத்தாலியன் பேசுற அந்த ட்ரென்ட்டோ பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்வார். இப்போ இருக்கற மாகாணத்தை மட்டும் தனியா சொல்லணும்னா 'ஜெர்மன் ஸூட்டிரோல்'னு அடைமொழி போடணும். ஆக, நூறு வருஷமா அடிச்சுக்கற ரெண்டு பேருமே, முதல்ல இந்த எல்லைக்கு வெச்ச பேரே இல்ல!

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் மன்னன்

முதல் உலகப் போர் நேரம். 1915-ல லண்டன்ல ஒரு ரகசிய ஒப்பந்தம். 'எங்க கூட சேர்ந்து சண்டை போட்டா, ப்ரென்னர் கணவாய் வரைக்கும் உனக்கு'ன்னு இத்தாலிக்கு பிராமிஸ் பண்ணினாங்க. 1918-ல இத்தாலி ராணுவம் உள்ளே வந்துச்சு. 1919-ல ஸான் ஜெர்மன் ஒப்பந்தம், 1920 அக்டோபர்ல அதிகாரபூர்வ இணைப்பு. அங்கே இருந்த ஜனங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. 1910 கணக்குப்படி அந்த ஏரியாவுல இத்தாலியன் பேசினவங்க வெறும் 3 சதவிகிதம்தான்.

3 சதவிகிதம் இருக்கற இடத்தை 'இது காலங்காலமா இத்தாலிதான்'னு எப்படி நிரூபிக்கறது? அதுக்குன்னே ஒருத்தர் ரெடியா இருந்தார். எட்டோரே டோலொமேய். 1865-ல ரொவரேட்டோவுல பொறந்தவர். அப்போ அது ஆஸ்திரியா. மனுஷனுக்கு வாழ்க்கையில ஒரே ஆம்பிஷன்... தெற்குப் பக்கமா ஓடற தண்ணியெல்லாம் இத்தாலித் தண்ணி, அது பாயற நிலமெல்லாம் இத்தாலி நிலம்!

1904-ல பார்டர்ல இருக்கற ஒரு சிகரத்துல ஏறி, 'வெட்டா டி'இட்டாலியா'ன்னு, அதாவது 'இத்தாலியின் உச்சி'ன்னு பேர் வெச்சார். ஜெர்மன்ல அதுக்கு ஏற்கெனவே க்ளாக்கர்கார்காஃப்னு பேர் இருந்தது. நான்தான் முதல்ல ஏறினேன்னு பந்தா வேற விட்டார். அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே ஒருத்தர் ஏறிட்டுப் போயிருக்கார். அதைவிடப் பெரிய பல்பு... இத்தாலியோட வடகோடி அந்த உச்சியே இல்ல, பக்கத்துல இருக்கற இன்னொரு சிகரம்!

ஆனா இவரை காமெடி பீஸ்னு ஒதுக்க முடியாது. உட்கார்ந்து ஆயிரக்கணக்கான ஊர், ஆறு, மலை, ஓடைப் பேருக்கெல்லாம் இத்தாலியன் பேர் கண்டுபிடிச்சு 1916-ல ஒரு பட்டியலே போட்டார். ஏற்கெனவே மறந்துபோன ஒரு பேரையும் எடுத்துத் தூசி தட்டினார். அதான் 'ஆல்ட்டோ ஆடிஜே'. அதுல டிரோல்ங்கற வார்த்தையே இல்ல பாருங்க, அதான் அவருக்கு வசதி.

பேர் மாத்தின டெக்னிக்கைப் பார்த்தா, நைட் அவுட் அடிச்சு ரெக்கார்ட் நோட் முடிக்கற நம்ம பசங்க ஞாபகம் வருது. சில ஊருக்கு ரொம்ப ஈஸி வேலை, கடைசியில ஒரு 'ஓ' போடறது. ப்ரென்னர், ப்ரென்னரோ ஆச்சு. (போல்ஸானோ, மெரானோ, ப்ரெஸ்ஸனோனே மாதிரி பெரிய ஊர்ப் பேரெல்லாம் முன்னாடியே இத்தாலியன்ல புழக்கத்துல இருந்ததுதான். அதை இவர் கணக்குல எழுதக் கூடாது.) ரோமானியர் காலத்துப் பேர் கிடைச்சா அதைத் தோண்டி எடுத்தார். ஸ்டெர்ட்ஸிங், 'விபிடேனோ' ஆனது அப்படித்தான். சில பேரை அப்படியே மொழிபெயர்த்தார். மிட்டேவால்ட்னா நடுக்காடு, அது 'மெட்ஸஸெல்வா' ஆச்சு. ஒண்ணும் வேலைக்கு ஆகலைன்னா அந்த ஊர்க் கோயில் புனிதர்! இன்னிகென் மடாலயத்தோட புனிதர் காண்டிடஸ். ஊர் ஸான் காண்டிடோ ஆகிடுச்சு. சின்னர் மேட்டர் இப்போ புரியுதா?

என் ஃபேவரைட் 'ஃப்ரான்ட்ஸென்ஸ்ஃபெஸ்டே'. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஃப்ரான்ட்ஸ் பேர்ல இருந்த கோட்டை. சக்கரவர்த்தியை மட்டும் கட் பண்ணிட்டு, மிச்சத்தை மொழிபெயர்த்தா 'ஃபோர்டெட்ஸா'. வெறும் 'கோட்டை'. வேலை முடிஞ்சுது!

முஸோலினி வந்ததும் டோலொமேய்க்கு லாட்டரி அடிச்சது. 1923 மார்ச்சுல இவரோட பட்டியலை அரச ஆணை போட்டு சட்டமாக்கினாங்க. ஜூலை 15-ம் தேதி போல்ஸானோ நகர தியேட்டர்ல 32 அம்சத் திட்டத்தை அறிவிச்சார். ஆகஸ்ட்ல 'டிரோல்', 'ஸூட்டிரோல்'ங்கற வார்த்தைகளுக்கே தடை. 'டெர் டிரோலர்'னு, அதாவது டிரோல்காரன்னு ஒரு பேப்பர் இருந்தது. அது 'டெர் லாண்ட்ஸ்மன்'னு பேரை மாத்திக்கிட்டது. போஸ்ட் கார்டுல, ஹோட்டல் போர்டுல எங்கேயும் அந்த வார்த்தை வரக் கூடாது. பிறகு குடும்பப் பேர்களையும் இத்தாலியனா மாத்த ஆரம்பிச்சாங்க. கல்லறையில புதுசா ஜெர்மன்ல எழுதக் கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சு. இடைக்கால ஜெர்மன் கவிஞர் வால்டருக்கு போட்ஸன் நடுச் சதுக்கத்துல ஒரு சிலை இருந்தது. 1935-ல அதைத் தூக்கிட்டுப்போய் ஒரு பார்க்குல வெச்சுட்டாங்க. திரும்பி வர 1981 ஆச்சு!

ஸ்கூல்ல ஜெர்மனுக்குத் தடை வந்தப்போ நடந்ததுதான் மனசைப் பிசையுது. குடோன்ல, பரண்ல, பண்ணை வீட்டுச் சமையல்கட்டுல ரகசியமா கிளாஸ் எடுத்தாங்க. 'சுரங்கக் கல்லறைப் பள்ளிகள்'னு அதுக்குப் பேர். ரோம்ல ஆரம்ப கால கிறிஸ்தவர்கள் ஒளிஞ்சு கும்பிட்டாங்க இல்லையா, அந்த ஞாபகமா வந்த பேர். முன்னாடி நின்னவர் மிஷேல் காம்பர்ங்கற பாதிரியார். பாடம் எடுத்தவங்கள்ல பெரும்பாலும் நம்ம வயசுப் பொண்ணுங்க. அதுல ஒருத்தர் ஆங்கெலா நிகோலெட்டி. பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். 1930-ல காசநோய் வந்து இறந்தப்போ அவருக்கு வயசு 25. அ, ஆ சொல்லிக் கொடுத்ததுக்கு ஜெயில்!

1935-ல இருந்து போட்ஸன்ல பெரிய தொழிற்பேட்டை கட்டி, மத்த மாநிலத்துல இருந்து இத்தாலியத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமா கொண்டுவந்தாங்க. தலைநகர்ல இத்தாலியன் மெஜாரிட்டி வந்த கதை இதுதான். வந்தவங்களும் பாவம்தான், பொழப்பு தேடி வந்த ஏழைங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பேர் ஆல்ட்டோ ஆடிஜே. அவங்க பேரன் பேத்திக்கு அது முஸோலினி பேர் இல்ல, பொறந்த ஊர்ப் பேர். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கறதாலதான் இந்த வழக்கு முடியவே மாட்டேங்குது.

ரெண்டே ஆப்ஷன்

1939-ல ஹிட்லரும் முஸோலினியும் பேசி முடிச்சாங்க. ஜெர்மன் பேசுற ஜனங்களுக்கு ரெண்டே சாய்ஸ். ஒண்ணு, ஜெர்மன் குடியுரிமை வாங்கிக்கிட்டு ஊரைக் காலி பண்ணு. இல்லைன்னா இத்தாலியனா இங்கேயே இரு. கெடு டிசம்பர் 31. நிலத்தைப் பிடிச்சா மொழி போகும், மொழியைப் பிடிச்சா நிலம் போகும். சுமார் 85 சதவிகிதம் பேர் போறோம்னு கையெழுத்துப் போட்டாங்க. போருக்கு நடுவுல உண்மையிலேயே கிளம்பிப் போனவங்க சுமார் 75,000 பேர். கிளம்பினவங்களும் தங்கினவங்களும் ஒருத்தரை ஒருத்தர் 'துரோகி'ன்னு திட்டிக்கிட்டாங்க. ஒரே வீட்டுல அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

போர் முடிஞ்சதும், 1946 செப்டம்பர் 5-ம் தேதி பாரீஸ்ல ஆஸ்திரியாவோட க்ரூபரும் இத்தாலியோட டி காஸ்பெரியும் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டே பக்கத்துல அடங்கற ஒப்பந்தம்தான். ஆனா அதுக்குள்ள 'ஊர்ப் பேர் ரெண்டு மொழியிலும் இருக்கும்', 'மாத்தின ஜெர்மன் குடும்பப் பேரைத் திரும்ப வெச்சுக்கலாம்'னு தனித்தனியா எழுதியிருக்காங்க. அடிபட்ட இடம் எதுன்னு தெரிஞ்சு மருந்து போட்டிருக்காங்க இல்ல!

சரி, எல்லாம் சுபம்னு பார்த்தா... 1948-ல வந்த தன்னாட்சிச் சட்டத்துல ட்ரென்ட்டோவையும் இதையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு ஒரே மண்டலம் ஆக்கிட்டாங்க. அதுல இத்தாலியன்தான் மெஜாரிட்டி. 'ஸூட்டிரோல்'னு எழுத மனசு வரலை, ஜெர்மன்ல 'டிரோலர் எட்ஷ்லாண்ட்'னு சுத்தி வளைச்சு எழுதினாங்க. டிரோல்காரங்களோட ஆடிஜே தேசம்னு வெச்சுக்கங்க. பேர் மட்டுமா, அதிகாரமும் அரைகுறைதான்.

1957 நவம்பர்ல ஸிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில 35,000 பேர் திரண்டாங்க. போர்ல ஒரு காலை இழந்த ஸில்வியஸ் மக்னாகோ ஊன்றுகோலோட மேடையேறி, 'ட்ரென்ட்டோவை விட்டு விலகுவோம்'னு முழங்கினார். 1960-ல விவகாரம் ஐ.நா. வரைக்கும் போச்சு. 1961 ஜூன்ல ஒரே ராத்திரியில 37 மின்கோபுரங்களை குண்டு வெச்சு சாய்ச்சாங்க. 'நெருப்பு ராத்திரி'ன்னு பேரு. வெடிக்காம கிடந்த ஒரு குண்டால ஒரு சாலைப் பணியாளர் இறந்துபோனார். கைதானவங்களை சித்திரவதை பண்ணினதா புகார் கிளம்பிச்சு. நல்லவேளையா பேச்சுவார்த்தை ஜெயிச்சது. 1972-ல ரெண்டாவது தன்னாட்சிச் சட்டம் வந்துச்சு. ஜெர்மன்ல 'ஸூட்டிரோல்'ங்கற பேர் அதுலதான் அதிகாரபூர்வமா உள்ளே வந்தது. இத்தாலிய அரசியல் சட்டத்துக்குள்ள போக இன்னும் 29 வருஷம், 2001 ஆச்சு. கோட்டை கதையை முடிச்சுடறேன்... 2006-ல இருந்து அதே கோட்டையில மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரோட மியூசியம் இருக்கு.

இப்போ மாகாணத்துல வசூலாகற வரியில சுமார் 90 சதவிகிதம் மாகாணத்துக்கே வருது. இத்தாலியோட பணக்கார மாகாணங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆப்பிளும் டூரிஸ்ட்டும் கொட்டுது. அரசு வேலை மொழிக்குழு விகிதாசாரப்படிதான். அதுக்கு 'நான் இந்தக் குழு'ன்னு ஒவ்வொருத்தரும் எழுதிக் கொடுக்கணும்.

எழுதிக் கொடுக்க மாட்டேன்னு ஒருத்தர் நின்னார். அலெக்ஸாண்டர் லாங்கர். ஸ்டெர்ட்ஸிங்ல (ஸாரி, விபிடேனோவுல!) 1946-ல பொறந்தவர். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தவர். மனுஷங்களை மொழி டப்பாவுல போட்டு மூடாதீங்கன்னு சொல்லி, கணக்கெடுப்புல குழு பேரை எழுத மறுத்துட்டார். இத்தாலியன்ல ஆல்ட்டோ ஆடிஜேவும் வேணாம்னு, 'ஸுட்டிரோலோ'ன்னு சொல்லிப் பார்த்தார். 1995-ல போட்ஸன் மேயர் எலெக்ஷன்ல நிக்கப் போனப்போ, 'குழு எழுதலையா... நிக்க முடியாது'ன்னு கதவைச் சாத்திட்டாங்க. அதே வருஷம் ஜூலையில லாங்கர் இறந்துட்டார். அஞ்சு லட்சம் பேரைக் காப்பாத்தின அந்த விதி, ஒருத்தரை வெளியே நிறுத்தினதைப் படிச்சப்போ என்னால ஈஸியா கடந்துபோக முடியலை.

பேர்ச் சண்டை மட்டும் ஓயலை. 2001-ல போட்ஸன் நகராட்சி, பாசிஸ்ட்டுங்க 1928-ல கட்டின வெற்றிச் சின்னம் இருக்கற 'வெற்றிச் சதுக்கத்தை' 'அமைதிச் சதுக்கம்'னு மாத்திச்சு. 2002-ல வாக்கெடுப்பு... சுமார் 62 சதவிகிதம் பேர் பழைய பேரே வேணும்னுட்டாங்க! சின்னத்தை இடிக்கவும் இல்ல, அப்படியே விடவும் இல்ல. 2014-ல அதுக்குக் கீழேயே, இதை யார் ஏன் கட்டினாங்கன்னு சொல்ற கண்காட்சியைத் திறந்துட்டாங்க. கில்லாடிங்க!

ஊர்ப் பேரை முறைப்படுத்த 2012-ல மாகாண சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசு கோர்ட்டுக்குப் போச்சு. கடைசியில 2019-ல மாகாணமே அதை வாபஸ் வாங்கிடுச்சு. அதே 2019 அக்டோபர்ல இன்னொரு கூத்து. ஒரு சட்டத்தோட இத்தாலிய வாசகத்துல 'ஆல்ட்டோ ஆடிஜே'வை எடுத்துட்டு 'போல்ஸானோ மாகாணம்'னு போட்டாங்க. ஜெர்மன் வாசகத்துல 'ஸூட்டிரோல்' மட்டும் பத்திரமா இருந்தது. ரோம்ல பெரிய கலாட்டா. ஒரே ஒரு வார்த்தைக்காக சட்டத்தைத் திரும்பத் திறந்து திருத்தினாங்க.

இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல லாடின்காரங்க நிலைமைதான் பரிதாபம். அவங்க பள்ளத்தாக்குல போர்டுக்கு மூணு வரி வேணும். 'உர்டிஜேய்', 'ஸாங்ட் உல்ரிஷ்', 'ஓர்ட்டிஸேய்'... ஒரே ஊர்!

மறுநாள் மெஸ்ல அந்த மெக்கானிக்கல் மச்சானைப் பிடிச்சு, இட்லி ஆறிப்போற அளவுக்கு இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். பொறுமையா கேட்டுட்டு சொன்னான்...

''அப்போ அந்த மாகாணத்துல ரயில் டிக்கெட் எடுக்கறது, புது பாஸ்வேர்ட் வைக்கற மாதிரிடா. எதையுமே ரெண்டு தடவை அடிக்கணும்!''